உலகம் சுற்றிய முருகனும் எங்க ஊர்க் கரையும்

ஓம் சரவணபவ!



போன வாரம் நம்ம குழுவில் ஒரே நாளில் இரண்டு ஃபார்வர்டு வந்ததே, பார்த்தீங்களா? ஒன்றில் இரண்டு படம். ஒரு பக்கம் மாலத்தீவுக் கடல், கண்ணாடி மாதிரி. இன்னொரு பக்கம் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் ஈரமாகக் கிடக்கிற பழைய வேட்டி, சேலை. கீழே "இந்த நாடு உருப்படுமா?" என்று ஒரு வரி. இரண்டாவது "நாசாவே வியந்தது" வகை. ராமர் பாலம் பதினேழரை லட்சம் வருஷப் பழமை, மனிதர் கட்டியது என்று நாசா நிரூபித்துவிட்டது, தமிழனாக இருந்தால் பகிரவும்.

முதலாவதுக்கு நம்ம ஆட்கள் நாற்பது பேர் அழுகிற முகம் போட்டிருந்தார்கள். இரண்டாவதுக்கு வேல் படமும் கை கூப்பும். பெயர்களைப் பார்த்தேன். பாதிக்கு மேல் அதே ஆட்கள்! காலையில் நாடு உருப்படாது, மத்தியானம் நாம்தான் உலகத்துக்கே குரு. சிரிப்புதான் வந்தது.

அன்று ராத்திரி ஒரு தம்பி தனியாக மெசேஜ் போட்டிருந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். "அண்ணா, எனக்கு வெளிநாடு போகணும்னு ரொம்ப ஆசை. அங்க இருக்கிற ஊர், ரோடு, மலை எல்லாம் பார்த்தா நம்ம ஊரைவிட அழகா தோணுது. இப்படி நினைக்கிறது தப்பா? முருகனுக்குப் பிடிக்காதா?"

அவனுக்கு எழுதிய பதில்தான் நீண்டு இந்தப் பதிவாகிவிட்டது. கேள்வி அவனுடையது மட்டும் இல்லை என்பது ஒரு காரணம். நான் ராமநாதபுரம் மாவட்டம், உச்சிப்புளி பக்கத்து ஆள். மெக்கானிக்கல் படித்துவிட்டு, எல்லோரையும் போல சாஃப்ட்வேரில் உட்கார்ந்திருக்கிறேன். ஏற்கெனவே ஜெர்மனியில் ஏழு மாசம் ஆன்சைட் இருந்துவிட்டு வந்தேன். இப்போது மறுபடியும், இந்தத் தடவை இரண்டு வருஷத்துக்கு. விசா கைக்கு வந்துவிட்டது. அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை.

முதலில் மாம்பழக் கதை. உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்குப் பழம். பிள்ளையார் அம்மையப்பரைச் சுற்றி வந்து வாங்கிவிட்டார். முருகன் மயிலேறி உலகமெல்லாம் சுற்றித் திரும்பினால் பழம் போயே போச்சு. கோபித்துக்கொண்டு பழனி மலையில் போய் நின்றார். இதை நமக்குச் சின்ன வயசில் சொல்கிறவர்கள் பிள்ளையாரின் சமர்த்தோடு நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டு வேலை பற்றிப் பேச்சு எடுத்தாலே எங்க சித்தப்பா, "பார்த்தியா, வீட்டோட இருந்தவன் ஜெயிச்சான், ஊர் சுத்தினவன் தோத்தான்" என்று இதைத்தான் எடுத்து விடுவார்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு யோசனை. அந்தச் சுற்றில் முருகன் என்னவெல்லாம் பார்த்திருப்பார்? எத்தனை மலை, எத்தனை கடல், எத்தனை பனி! பழம் கை நழுவியது சரி, பார்த்த உலகத்தை யாராவது திருப்பி வாங்க முடியுமா? அத்தனையும் கண்ட பிறகு கோபம் வந்தபோது அவர் எந்தச் சிகரத்தில் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்திருக்கலாம். வந்து நின்றது 693 படி ஏறினால் எட்டிவிடுகிற ஒரு குன்றில். அதைவிட உயரமான மலை உலகத்தில் இல்லாமலா? இப்படிப் புராணத்தில் எழுதியிருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. என் மனசுக்குப் படுவது. உலகத்தைக் கண்ணாரப் பார்த்தவர்தான் தனக்கான மலையை அடையாளம் கண்டுகொண்டார். அதனால் தம்பி, ஆசைப்படு. மயில் வைத்திருக்கிற சாமி அதற்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார்.

எனக்கு உறுத்துவது அந்த இரண்டு ஃபார்வர்டுதான். இரண்டும் எதிரெதிர் மாதிரி தெரியும். உள்ளே ஒன்றேதான். அனுப்புகிறவர் மாலத்தீவையும் பார்த்ததில்லை, ராமேஸ்வரத்தையும் நின்று பார்த்ததில்லை.

நாசா விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். செயற்கைக்கோள் படம் உண்மை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் மணல் திட்டுகள் வரிசையாகத் தெரிவதும் உண்மை. மனிதர் கட்டியது, இத்தனை லட்சம் வருஷம் என்று நாசா சொன்னதாக 2002லிருந்து சுற்றுவது பொய். அவர்களே அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்துவிட்டார்கள். எங்க அப்பத்தா அரிச்சல்முனைப் பக்கம் திரும்பிக் கும்பிடும்போது அவருக்கு நாசா என்றால் என்னவென்றே தெரியாது. அந்தக் கும்பிடுக்கு அமெரிக்காக்காரன் கையெழுத்து எதுக்கு? நம்ம சாமியை நாமே நம்பாத மாதிரி இருக்கு.

சரி, பார்ப்பது என்றால் என்ன? எனக்கு அதைக் காட்டியது அப்பா.

அப்பா ரயில்வேயில் இருந்தார். பாம்பன் பாலத்தில் பராமரிப்பு வேலை. 1914ல் திறந்த பழைய பாலம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்குமே, அதை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறப்பார்கள். அந்த அமைப்பை வடிவமைத்தவர் ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர். கட்டச் சொன்னது வெள்ளைக்காரன். உப்புக் காற்றில் நூறு வருஷத்துக்கு மேல் அதை உயிரோடு வைத்திருந்தது எங்க அப்பா மாதிரி ஆட்கள். துருவைச் சுரண்டணும், பிரைமர் அடிக்கணும், மேலே பெயிண்ட் அடிக்கணும். கீழே கடல், இடுப்பில் கயிறு. ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது முதல் முனையில் துரு எட்டிப் பார்க்கும். "உப்பு சும்மா இருக்காதுடா தம்பி. நாமளும் சும்மா இருக்கக் கூடாது" என்பார். காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் விழாது. வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் அந்தப் பாலம் வேறு வேறு மாதிரி சத்தம் போடும் என்று அப்பா சொல்வார். சின்ன வயசில் நான் நம்பியதில்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் தனுஷ்கோடி போனது எல்லோருக்கும் தெரியும். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில், அதில் இருந்த ஜனங்களோடு கடலுக்குள் போனது. பாலத்தின் பெரும்பகுதி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அதை 46 நாளில் திரும்ப நிமிர்த்தினார்கள். பொறுப்பில் இருந்தவர் பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டிய ஸ்ரீதரன். கடலில் விழுந்து கிடந்த கர்டர்களையே தேடி எடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். இன்ஜினியரிங் கல்லூரியில் நான்கு வருஷம் படித்தேன், ஒரு வகுப்பில்கூட இதைச் சொல்லித்தரவில்லை. கோல்டன் கேட் பாலம் பற்றி மட்டும் செமினார் கொடுக்கச் சொன்னார்கள்.

2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று புதுப் பாலம் திறந்தாச்சு. நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே நேராக 17 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும், மோட்டாரில். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். அப்புறம் பக்கத்தில் நிற்கிற பழைய பாலத்தைப் பார்த்து, "அதுக்கு இப்ப யாரு பெயிண்ட் அடிக்கிறா?" என்று கேட்டார்.

ஜெர்மனியில் இருந்தபோது கொலோன் நகரத்துப் பெரிய தேவாலயத்தை ஒருநாள் பார்க்கப் போனேன். ரயில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே தலைக்கு மேல் நிற்கும். 157 மீட்டர் உயரம். 1248ல் ஆரம்பித்து, நடுவில் பல நூறு வருஷம் நிறுத்திவைத்து, 1880ல் முடித்தார்கள். அண்ணாந்து பார்த்தபோது கண் கலங்கிவிட்டது, மறைக்காமல் சொல்றேன். அது என் சாமி வீடு இல்லைதான். இருந்தாலும் கல்லை அத்தனை உயரத்துக்குத் தூக்கிய கை யாரோ ஒரு பக்தனுடைய கைதானே. ஒரு பக்கம் சாரம் கட்டியிருந்தது. கூட வந்த ஆபீஸ் நண்பன், அவன் அந்த ஊர்க்காரன், சிரித்துக்கொண்டே சொன்னான்: சாரம் இல்லாத தேவாலயத்தை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை, என்றைக்கு இதில் வேலை முடிகிறதோ அன்றைக்கு உலகம் முடியும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இதற்கென்றே நிரந்தரமாகக் கல்தச்சர் பட்டறை ஒன்று இருக்கிறது. ஒரு கல் உதிர்ந்தால் அதே மாதிரி ஒரு கல் செதுக்கி வைப்பார்கள்.

எனக்கு உடனே அப்பாவின் பிரைமர் டப்பாதான் ஞாபகம் வந்தது. அந்த ஊரின் அழகை அதுவரை போட்டோவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் வேலையாகப் பார்த்தேன். திரும்பி வந்த பிறகு ராமேஸ்வரத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க முடிகிறது.

மூன்றாம் பிரகாரத்தை எடுத்துக்கொள்ளுங்க. நீங்கள் எல்லோரும் ஒரே படம்தான் எடுக்கிறீர்கள். ஒரு முனையில் நின்று, தூண் வரிசை போய்ப் போய் ஒரு புள்ளியாகிற படம். நல்ல படம்தான். எடுத்துவிட்டு ஓடிவிடாமல் ஒரு சுற்று நடங்க. நான்கு பக்கமும் சேர்த்துச் சுமார் 3850 அடி. 1212 தூண். பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் கட்டியது. நடக்கும்போது ஒன்றை யோசிங்க: இந்தத் தீவில் மணலும் பவளப்பாறையும்தான். இப்படித் தூண் செதுக்குகிற கருங்கல் தோண்டினாலும் கிடைக்காது. அப்படியென்றால் இவ்வளவு கல்லும் ஒரு காலத்தில் படகேறித்தானே வந்திருக்கணும்? பாலம் இல்லாத காலம். பாம்பன் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று எங்க ஊர் மீன்பிடிக்கிறவங்களைக் கேளுங்க.

இன்னொன்றும் கேளுங்க. இந்தக் கோயில் கருவறைத் திருப்பணியை இலங்கை மன்னன் பராக்கிரமபாகு செய்தான், யாழ்ப்பாண அரசர்கள் திருகோணமலையிலிருந்து கல் அனுப்பினார்கள் என்று கோயில் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஞானசம்பந்தர் இங்கே நின்றபடியே அக்கரையில் இருக்கிற கோணேஸ்வரத்தையும் கேதீஸ்வரத்தையும் பாடினார் என்பது மரபு. நம்ம பாரம்பரியம், அடுத்த நாட்டுப் பாரம்பரியம் என்று கோடு கிழித்து மார்தட்டுகிறவர்கள் இந்தப் பிரகாரத்தில் எந்தக் கல்லை எந்தப் பக்கம் வைப்பார்கள்?

கொலோனில் உள்ளே போனால் யாரும் பேச மாட்டார்கள். எதையும் தொட மாட்டார்கள். ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, குழந்தை குட்டியோடு, தரையெல்லாம் சொட்டச் சொட்ட ஓடிக்கொண்டிருப்பார்கள். முன்னே எனக்கு இது கூச்சமாக இருக்கும். இப்போது இல்லை. ஈரத் துணியோடு ஜனம் நடப்பதற்காகத்தானே இவ்வளவு நீளத்துக்கு நிழல் கட்டியிருக்கிறான் சேதுபதி! வழுக்கி விழாமல் போனால் சரி.

ஆனால் அந்த முதல் ஃபார்வர்டில் இருந்த துணியைப் பற்றி நான் மழுப்பப் போவதில்லை. அது நம்ம துணி. பாவம் போகணும் என்று கட்டின துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறோம். விடாதீங்கன்னு சொன்னாலும் விடுகிறோம். அது போய் எங்கே சேருது தெரியுமா? கடலடியில் இருக்கிற புல்லிலும் பாசியிலும். அந்தப் புல்லைத் தின்றுதான் கடல்பசு உயிர்வாழ்கிறது. எங்க கரையில் அதற்கு ஆவுளியா என்று பெயர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986லேயே தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். எங்க பள்ளிக்கூடத்தில் பாதிப் பசங்களுக்கு அது தெரியாது. டிஸ்கவரி சேனலில் ஆஸ்திரேலியா பவளப்பாறை தெரியும்.

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் லட்சுமி மூர்த்தி என்று ஒரு அம்மா. கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர். விரலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு, பாறை கையைக் கிழிக்காமல் எடுக்கணும். அந்தப் பெண்களெல்லாம் கூடி, கடல் திரும்ப முளைக்கட்டும் என்று மாசத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். 2015ல் சீகாலஜி என்ற அமைப்பு அவரைக் கலிபோர்னியாவுக்கு அழைத்து விருது கொடுத்தது. நானும் ஜாவா கற்றுக்கொண்டு விமானம் ஏறியவன்தான். அவர் தன் கரையை அறிந்து வைத்திருந்ததனால் ஏறினார். பெரிய வித்தியாசம் இருக்கு, இல்லையா?

இனி நம்ம விஷயத்துக்கு, பாம்பன் சுவாமிகளுக்கு வருகிறேன். சண்முக கவசம் தினம் படிக்கிறவர்கள் குழுவில் நிறைய இருக்கீங்க. 1891ல் எழுதியது. முப்பது பாட்டு. உயிரெழுத்து பன்னிரண்டு, மெய்யெழுத்து வரிசை பதினெட்டு, அகர வரிசைப்படி ஒவ்வொரு பாட்டின் முதல் எழுத்தும் வரும். சுவாமிகள் இந்தத் தீவில் பிறந்தவர், பிள்ளைப் பெயர் அப்பாவு. அவருக்குப் பழனிக்குப் போகணும் என்று தீராத ஆசை. கிளம்ப முடிவு செய்தபோது நண்பர் ஒருவர், "முருகன் உத்தரவாகிவிட்டதா?" என்று கேட்க, ஆசை மிகுதியில் "ஆமாம்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு பொய்க்கு முருகன் தோன்றி, நான் அழைக்காமல் பழனிக்கு வராதே என்று சொல்லிவிட்டான். கடைசிவரை அந்த அழைப்பு வரவே இல்லை. முருக பக்தர்களில் அவர் அளவுக்குப் பாடியவர்கள் குறைவு. 6666 பாடல்கள். அவர் பழனி பார்க்கவே இல்லை!

இதைப் பொய் சொல்லாதே என்கிற பாடமாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். சரிதான். எனக்கு அதற்கு அடுத்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. 1894ல் சுவாமிகள் போய் உட்கார்ந்த இடம் எது? பிரப்பன்வலசை. எங்க உச்சிப்புளிக்குப் பக்கத்தில், கடலோரத்தில், மணலும் பனையுமாக ஒரு சின்ன ஊர். அங்கே மயானத்துப் பக்கம் குழி வெட்டச் செய்து, அதற்குள் இறங்கி 35 நாள் தவம். வெயிலடித்தால் கால் வைக்க முடியாத மணல். கோபுரம் இல்லை, மலை இல்லை, படி இல்லை. அங்கேதான் முருகன் வந்தான். பழனிக்கு வராதே என்று தடுத்த அதே முருகன், பக்தன் பிறந்த மண்ணுக்குத் தானே நடந்து வந்தான்.

அதற்காக ஊரைவிட்டு நகராதே என்று அர்த்தம் பண்ணாதீங்க. சுவாமிகள் பிறகு காசி வரை போனார், சென்னையில் இருந்தார், 1929 மே மாசம் சமாதியானதும் சென்னையில்தான், திருவான்மியூரில். சொந்த மண்ணில் 35 நாள் குழிக்குள் உட்கார்ந்துவிட்டுப் போனவர். நம்மில் எத்தனை பேர் 35 நிமிஷம் உட்கார்ந்திருக்கிறோம்? பத்துமலைக்கு டிக்கெட் போட்டாச்சு, கதிர்காமம் அடுத்த வருஷம் என்று லிஸ்ட் வைத்திருக்கிறோம். போங்க, நல்லதுதான். எங்க மாவட்டத்துப் பசங்களே பிரப்பன்வலசை பார்த்ததில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கதிர்காமம் என்றதும் ஒரு விஷயம். அந்தக் காலத்தில் சென்னையில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல், அக்கரையில் தலைமன்னாரில் திரும்ப ரயில். கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட். ராமேஸ்வரம் வண்டிகளில் ஒன்றை இன்றைக்கும் போட் மெயில் என்றுதான் சொல்கிறோம், போட் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். எங்க வீட்டிலிருந்து ராமேஸ்வரம் கோயிலுக்குப் போகிற தூரம்தான். நுனியில் நின்றால் என் போனில் இலங்கை டவர் பிடித்து வரவேற்பு மெசேஜ் வரும். சின்னப் பையன்களுக்கு அது விளையாட்டு. அந்தத் தண்ணீரில் எல்லைக்கோடு எங்கே என்று தேடி உயிரைப் பிடித்துக்கொண்டு வலை இழுக்கிறவர்களுக்கு விளையாட்டு இல்லை.

அந்தக் கரையைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஜெர்மனியில்.

ஹம் என்று ஒரு ஊர். அதன் ஓரத்தில், உயென்ட்ராப்பில், தொழிற்பேட்டைகளுக்கு நடுவில் காமாட்சி அம்பாள் கோயில். ஈழத் தமிழர்கள் கட்டியது. 2002ல் குடமுழுக்கு. பதினேழு மீட்டர் கோபுரம். தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் நம்ம ஜனம் வரும். காவடி எடுப்பார்கள். தீர்த்தவாரிக்குக் கடலுக்கு எங்கே போவது? பக்கத்தில் சரக்குக் கப்பல் போகிற கால்வாய் ஒன்று ஓடுகிறது. அதிலேயே இறங்கித் தீர்த்தமாடுகிறார்கள். முதலில் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இருபத்திரண்டு தீர்த்தம் இருக்கிற ஊர்க்காரன் பாருங்க, அந்தத் திமிர்.

அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வயசான அம்மா. திரும்பிப் பார்த்து, "தம்பி எவடம்?" என்றார். ராமநாதபுரம் பக்கம் என்றேன். புரியாது என்று நினைத்து ராமேஸ்வரம் என்றும் சேர்த்துக்கொண்டேன். கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ராமேஸ்வரமோ? தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் அங்கதானே வந்து இறங்கினது. இரவு. அரிச்சல்முனைத் திட்டியிலை இறக்கிவிட்டிட்டு வள்ளக்காரன் போட்டான். மண்டபம் காம்பிலை ரெண்டு வருஷம் இருந்தனாங்கள். என்ரை மூத்த மகன் அங்கதான் பள்ளிக்கூடம் போனவன்." அப்புறம் அவர் கேட்டது: "அந்தத் தண்ணி இப்பவும் உப்போ?"

உப்புதான் அம்மா என்றேன். சிரித்தார். காம்பிலிருந்த நாட்களில் யாரோ கூட்டிப்போய் ராமேஸ்வரம் கோயிலைக் காட்டினார்களாம். பிரகாரத்தின் நீளத்தைப் பார்த்து, இதுக்குள்ளேயே எங்கட ஊர்ச் சனம் முழுக்கப் படுக்கலாம் போல இருக்கே என்று நினைத்தாராம். நாம் படம் எடுக்கிற அதே இடம். அவருக்கு அது கூரை. அவர் அந்தக் கரையிலிருந்து பார்த்தது ஒரே ஒரு விஷயம்தானாம்: வானம் தெளிவாக இருக்கிற ராத்திரியில் தன் நாட்டு விளக்கு தெரிகிறதா என்று.

எந்த நாடு அழகு என்று அந்த அம்மாவிடம் யார் கேட்க முடியும்? அவருக்குச் சொந்த நாடு அக்கரையில். எங்க ஊர் அவருக்கு அந்நிய நாடு, உயிரோடு ஏற்றுக்கொண்ட அந்நிய நாடு. ஜெர்மனி மூன்றாவது. மூன்றையும் அவர் ஒரே வார்த்தையில்தான் சொன்னார்: இருந்த இடம். நான் கூச்சப்பட்ட அந்தக் கால்வாயில் அவர் மூன்று தடவை முங்கி எழுந்து, ஈரப் புடவையோடு, கொண்டுவந்திருந்த திருநீற்றை எனக்கும் பூசிவிட்டார். அந்தத் தண்ணீர் குளிராகத்தான் இருந்தது, ஜூன் மாசத்திலும்.

அவர் நம்பர் இன்னும் இருக்கிறது. விசா வந்ததும் முதலில் அவருக்குத்தான் போன் போட்டேன், அம்மாவுக்குத் தெரிந்தால் இன்னும் கோபம். வரும்போது என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். பிரப்பன்வலசைத் திருநீறு கொஞ்சம், மண்டபத்தில் வாங்கித் தின்ற அதே பனங்கருப்பட்டி, ஓலைப்பெட்டியோடு. வேறு ஒன்றும் வேண்டாமாம்.

தம்பி, நீயும் கிளம்புகிறதுக்கு முன்னாடி ஒருநாள் ஊருக்கு வா. ராமேஸ்வரம் பஸ்ஸில் உச்சிப்புளியில் இறங்கிக் கூப்பிடு, நான் வண்டியோடு வரேன். சாயங்காலமாகப் போனால் மணல் சுடாது. மாற்றுத்துணி எடுத்துக்கோ, ஈரத் துணியைப் போட்டுத் திரும்ப எடுத்துப் போக ஒரு பையும் எடுத்துக்கோ. எங்க அப்பாவும் வருவார். பாலத்தைப் பற்றி எதுவும் கேட்டுவிடாதே, கேட்டால் கடைசி பஸ் போய்விடும்.

ஓலைப்பெட்டி வாங்கியாச்சு. இரண்டு கிலோ கருப்பட்டியும் வாங்கியாச்சு. பிராங்க்பர்ட் ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து இது என்ன என்று கேட்டால் ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது என்றுதான் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!